புயல் திட்டத்தில் செல்லப் பிராணிகளுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அட்லாண்டிக் பெருங்கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிக்கேன் புயல்களின் பருவம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டியும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பல. அவற்றில் நாயும் பூனையும் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். புயல் நெருங்கும் வேளையில் தமிழில் வெளியாகும் குறிப்புகள் ஜன்னலை அடைப்பது, தண்ணீர் சேமிப்பது, டார்ச்சுக்கு பேட்டரி வாங்குவது என்று பயனுள்ள பலவற்றைச் சொல்கின்றன. ஆனால் வீட்டிலுள்ள வாயில்லா ஜீவன்களைப் பற்றிய பேச்சு அவற்றில் இருந்தால் கடைசி வரியில் இருக்கிறது. பல நேரங்களில் அதுவும் இல்லை. அந்த வரி முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து. ஒரு குடும்பம் வீட்டைவிட்டுப் புறப்படுமா, புறப்படாதா என்பதைப் பல வீடுகளில் தீர்மானிப்பதே அந்தப் பிராணிதான்.

இதை உலகுக்குக் காட்டியது 2005 ஆகஸ்ட் 29 அன்று கரையேறிய காத்ரீனா புயல். வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியபோது, மீட்பு வாகனங்களிலும் முகாம்களிலும் பிராணிகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு சிறுவனின் நாயைக் காவலர் ஒருவர் வாங்கிக்கொண்டார் என்றும், அவன் "ஸ்னோபால், ஸ்னோபால்" என்று வாந்தியெடுக்கும் அளவுக்கு அழுதான் என்றும் அப்போது வெளிவந்த செய்தியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளியேறாமல் தங்கிவிட்டவர்களிடம் பின்னர் நடத்திய ஓர் ஆய்வில் 44 விழுக்காட்டினர், வளர்ப்புப் பிராணியை விட்டுப் போக மனமில்லாததும் ஒரு காரணம் என்று கூறினார்கள். பிராணிகளைக் காப்பதும் மனிதர்களைக் காப்பதும் தனித்தனி வேலைகள் அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. அதன் விளைவாகவே 2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: கூட்டாட்சி அரசின் பேரிடர் நிதியைப் பெற விரும்பும் மாநிலங்களும் உள்ளாட்சிகளும், தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் வீட்டுப் பிராணிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய உதவிப் பிராணிகளுக்கும் வழி செய்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர்கள் சிலர், இனி எந்த முகாமுக்கும் நாயோடு போகலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் திட்டம் இருக்க வேண்டும் என்கிறதே தவிர, ஒவ்வொரு முகாமும் கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சில முகாம்களுக்கு முன்பதிவு வேண்டும். சிலவற்றில் பிராணியைத் தனிக் கூடத்தில் வைப்பார்கள். ஏறக்குறைய எல்லா இடத்திலும் தடுப்பூசிச் சான்றும் கூண்டுப் பெட்டியும் கேட்பார்கள். தங்கள் கவுண்டியில் (மாநிலத்தின் உட்பிரிவான மாவட்டம் போன்றது) எந்த முகாம் ஏற்கிறது என்பதைப் பருவம் தொடங்குமுன் தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிராணியோடு தங்கவிடும் விடுதிகளின் எண்களையும், கரையிலிருந்து தள்ளி வசிக்கும் உறவினர், நண்பர்களில் நாயோடு வந்தாலும் வரவேற்பவர் யார் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

போவதா, தங்குவதா என்ற கேள்விக்குப் புயலின் வகை எண்ணை மட்டும் பார்த்து விடை தேடுவது ஆபத்து. ஒன்று முதல் ஐந்து வரையிலான அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. மணிக்கு 119 கிலோமீட்டரில் தொடங்கி, 252ஐ எட்டினால் ஐந்தாம் வகை. கடல் எவ்வளவு உயரம் எழும்பி ஊருக்குள் வரும், எவ்வளவு மழை கொட்டும் என்பதெல்லாம் அந்த எண்ணில் அடங்காது. 2008இல் டெக்சாஸில் கரையேறிய ஐக் இரண்டாம் வகைப் புயல்தான். ஆனால் அதோடு வந்த கடல் நீர் பொலிவார் தீபகற்பத்தில் வரிசை வரிசையாக வீடுகளை அடித்தளம் மட்டும் மிஞ்ச வழித்துக்கொண்டு போனது. 2024 செப்டம்பரில் புளோரிடாவில் கரையேறிய ஹெலீன், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள வட கரோலினாவின் மலைப்பகுதியில் வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் உயிர்களைப் பறித்தது. அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை இத்தகைய புயல்கள் நேரடியாகப் பறித்த உயிர்களில் சுமார் பத்தில் ஒன்பது நீரால் போனவை. ஆகவே காற்றுக்குப் பதுங்கலாம், நீருக்கு விலகியே ஆக வேண்டும். வெளியேறச் சொன்ன பகுதியில் வீடு இருந்தால், வீடு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பிராணியோடு கிளம்பிவிட வேண்டும். தங்கி எதிர்கொள்வது என்பது, நீர் வராத இடத்தில், உறுதியான வீட்டில், வெளியேறும் ஆணை இல்லாதபோது மட்டுமே பேச வேண்டிய பேச்சு.

அப்படித் தங்குபவர்களுக்கு வீட்டைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது, காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது. ஒரு ஜன்னலோ கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், கீழிருந்து அது தள்ள, மேலிருந்து வெளிக்காற்று இழுக்க, கூரை பெயர்ந்துவிடும். 1992 ஆகஸ்டில் தெற்கு புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படித்தான் சிதைந்தன. அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததே 2002இல் நடைமுறைக்கு வந்த புளோரிடாவின் மாநில அளவிலான கட்டட விதித் தொகுப்பு. பலரும் மறந்துவிடுவது கராஜ் கதவை. வீட்டிலேயே அகலமான, மெல்லிய திறப்பு அதுதான். காற்றைத் தாங்கும் தரச்சான்று பெற்ற கதவு இல்லையென்றால், அதற்கென்று விற்கும் முட்டுச் சட்டங்களை முன்கூட்டியே பொருத்த வேண்டும்.

ஷட்டர் இல்லாத ஜன்னல்களுக்குப் பிளைவுட் பலகை போதும். ஆனால் 16 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் இருக்க வேண்டும், எச்சரிக்கை வரும்வரை காத்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு ஜன்னலையும் அளந்து, சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு அறுத்து, துளையிட்டு, பலகையின் மூலையில் "சமையலறை, கிழக்கு, மேல்பக்கம் இது" என்று மார்க்கரால் எழுதி அடுக்கி வைத்துவிட்டால், புயல் அறிவித்த நாளில் ஏணியின் மேல் நின்று எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு என்று திண்டாட வேண்டியிருக்காது. ஆணி காற்றின் அதிர்வில் கழன்று வந்துவிடும் என்பதால் பலகையை ஸ்க்ரூவால் பொருத்த வேண்டும். ஜன்னலைச் சுற்றியுள்ள அலங்காரச் சட்டத்தில் அல்லாமல் சுவரின் கட்டுமானத்தில் ஸ்க்ரூ இறங்க வேண்டும். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டும் பழக்கம் இன்னும் தொடர்வது வருத்தமளிக்கிறது. டேப் கண்ணாடியைக் காப்பாற்றுவதில்லை. உடையும்போது சிறு சில்லுகளுக்குப் பதில் பெரிய கத்தி போன்ற துண்டுகளாக வந்து விழச் செய்கிறது. அழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்பதும் தவறான நம்பிக்கை; அது கூரையை இழப்பதற்கான வழி.

இனி பிராணிகள். ஜன்னலில்லாத ஓர் உள்ளறையைக் குடும்பம் ஒதுங்குவதற்கென்று தேர்ந்தெடுங்கள். பிராணியின் இடமும் அதுவே. புயலின் காற்றழுத்தமும் ஓசையும் நம்மைவிட முன்னதாக அவற்றுக்குத் தெரிந்துவிடலாம். பூனை வளர்ப்பவர்கள் அறிவார்கள்: பலகை அடிக்கும் சத்தம் கேட்டதுமே அது கட்டிலடியின் தொலைவான மூலைக்குப் போய், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், கை நீட்டினால் நகம் பதியும். ஆகவே சுத்தியலைக் கையில் எடுப்பதற்கு முன் பூனையைப் பிடித்து உள்ளறையில் அடைப்பது முதல் வேலையாக இருக்கட்டும். கூண்டுப் பெட்டியைப் பரணில் வைத்துவிட்டு, மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் இறக்கினால் பூனை அதைக் கண்டதும் ஓடத்தான் செய்யும். பருவத்துக்கு ஓரிரு மாதம் முன்பே பெட்டியைக் கூடத்தில் திறந்து வைத்து, பழைய துணியை விரித்து, சில வேளை உணவையும் அதற்குள் வைத்தால், அது தன் இடம் என்ற எண்ணம் அதற்கு வந்துவிடும். நாய்க்கும் இதே பழக்கம்தான். பெட்டி அது எழுந்து நிற்கவும் திரும்பவும் இடம் கொடுப்பதாக இருக்க வேண்டும். கழுத்துப்பட்டை மட்டும் போதாது, மிரண்ட நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு அணைக்கும் பட்டையும் உறுதியான பிடிகயிறும் கதவருகில் தொங்க வேண்டும்.

புயலின் கண் எனப்படும் அமைதியான நடுப்பகுதி நமக்கு மேலே வரும்போது காற்று அடங்கி, வானம் தெளிவதுகூட உண்டு. நாயைச் சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துப் போகலாம் என்று தோன்றும் நேரம் அதுவே. போகக் கூடாது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் காற்று திரும்பும். உள்ளறையிலேயே பழைய செய்தித்தாளையோ உறிஞ்சும் விரிப்பையோ போட்டு வைப்பது போதும்.

அடையாளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பிரிந்த பிராணிகள் வீடு திரும்புவதும் திரும்பாததும் இதில்தான் இருக்கிறது. தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் மின்கலமே கிடையாது. ஸ்கேனரைக் காட்டினால் ஓர் எண்ணைத் தரும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு பதிவாகியுள்ள தொலைபேசி எண் பழையதாக இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. எண் மாறியதும், வீடு மாறியதும் பதிவைத் திருத்த வேண்டும். கழுத்துப்பட்டையில் கைபேசி எண்ணோடு, புயல் பகுதிக்கு வெளியே உள்ள ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். நீங்களும் பிராணியும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று கைபேசியிலும், அச்சிட்டு நீர் புகாத உறையிலும் வேண்டும். அது உங்களுடையது என்பதற்கு அதுவே சான்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் மருந்துச் சீட்டும் அதே உறையில் போகட்டும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளுக்கு, இடமிருந்தால் இரண்டு வாரத்துக்கு. நாய்க்கு அதன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லிலிட்டர் தேவைப்படும். வெப்பத்திலும் பதற்றத்திலும் இன்னும் கூடும். உணவையும் அன்றாட மருந்துகளையும் நீர் புகாத டப்பாக்களில் அடைத்து வையுங்கள். பறவைக் கூண்டுக்கு மேல் துணி போர்த்தினால் பறவை அமைதியாக இருக்கும். மீன் தொட்டிக்கு பேட்டரியில் இயங்கும் காற்றுக் குழாய் கிடைக்கிறது; மின்சாரம் இல்லாத நாட்களில் தீனியைக் குறைப்பது நீர் கெடாமல் காக்கும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குள்ளோ கராஜிலோ திறந்த ஜன்னல் அருகிலோ ஒருபோதும் இயக்காதீர்கள். ஆறு மீட்டருக்குக் குறையாத தொலைவில், புகைக்குழாய் வீட்டை நோக்காதபடி வெளியே இருக்க வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புயலைத் தாண்டியவர்கள் அதன் பிறகு வீட்டிலேயே உறக்கத்தில் இறந்துபோவது ஆண்டுதோறும் செய்தியாக வருகிறது. பேட்டரியில் இயங்கும் அலாரம் ஒன்று படுக்கையறைக்கு அருகே அவசியம்.

காற்று ஓய்ந்ததும் நாயைக் கட்டவிழ்த்து விடுவது பெரும் தவறு. வேலி விழுந்திருக்கும், பழகிய வாசனைத் தடங்கள் மழையில் கழுவப்பட்டிருக்கும், அறுந்த மின்கம்பிகள் நீரில் கிடக்கும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும்; அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். தடுப்பூசி உண்டு, ஆனால் முதலில் சில வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டியிருப்பதால், புயல் செய்தி வந்த பிறகு அதற்கு நேரமிருக்காது.

எது எப்படியானாலும், பிராணியைக் கட்டிப்போட்டுவிட்டுச் செல்லக் கூடாது. 2024 அக்டோபரில், மில்டன் புயல் கரையேறுவதற்குச் சற்று முன், புளோரிடாவில் நெடுஞ்சாலையோர வேலியில் கட்டப்பட்டு, வயிற்றளவு நீரில் நின்றுகொண்டிருந்த ஒரு நாயை நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் மீட்டார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களின் கோபம் வீண்போகவில்லை: பேரிடர் நேரத்தில் நாயைக் கட்டிப்போட்டுக் கைவிடுவதைக் கடும் குற்றமாக்கும் சட்டத்தை அம்மாநிலம் 2025இல் இயற்றியது. அந்த நாய்க்கு வைத்த டிரூப்பர் என்ற பெயராலேயே அது வழங்கப்படுகிறது.

தங்கள் இதழிடம் நான் கேட்பது இதுதான். புயல் வருமுன், மே மாதத்திலேயே, பிராணிகளை ஏற்கும் முகாம்களைக் கண்டறியும் வழியையும், வீட்டையும் பிராணியையும் ஆயத்தப்படுத்தும் விவரங்களையும் தமிழில் ஒரு முழுப் பக்கமாக வெளியிட வேண்டும். ஆங்கில அறிவிப்புகளைப் படிக்கச் சிரமப்படும் பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும் பகலில் வீட்டில் இருப்பவர்கள்; நாய்க்குச் சோறு வைப்பதும் பெரும்பாலும் அவர்களே. வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டக்கூடியதாக, பெரிய எழுத்தில், தொலைபேசி எண்களை எழுதிக்கொள்ள வெற்றிடத்தோடு அந்தப் பக்கம் அமைந்தால் அவர்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்