கொக்கி உடைந்த லைஃப் ஜாக்கெட்டோடு ஆற்றில் இறக்கியது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சுற்றுலா நிறுவனம், வேலூர் அலுவலகம்.

பொருள்: ஜூலையில் குடகு பரபோளே ஆற்றுக்கு அழைத்துச் சென்ற ராஃப்டிங் (ரப்பர் படகுச் சவாரி), டென்ட் பயணத்தில் பாதுகாப்புக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். ஜூலை மாத வார இறுதி ஒன்றில் உங்கள் மூலம் குடகு சென்ற நண்பர்கள் குழுவின் சார்பாக எழுதுகிறேன். ஆளுக்கு 6,800 ரூபாய் வீதம் எட்டுப் பேருக்கு 54,400 ரூபாய் கட்டினோம். எங்கள் தோழி ஒருவர் ஆற்றில் விழுந்து, அவர் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டாலேயே மூச்சுத் திணறினார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டென்ட் விஷயம் அப்புறம்.

சனிக்கிழமை காலை ஜீப்பில் காபித் தோட்டங்கள் வழியாக எங்களைக் கரையில் இறக்கினீர்கள். மழை விடவே இல்லை. பரபோளேயில் ராஃப்டிங் நடப்பதே ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழைக்காலத்தில்தான். தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பதை ஒன்று முதல் ஆறு நிலை வரை பிரிப்பார்கள். இங்கே நான்காம் நிலை வரை வரும் என்று உங்கள் விளம்பரமே சொல்கிறது. அப்படிப்பட்ட தண்ணீருக்கு முன்னால் உங்கள் ஊழியர் ஜாக்கெட்டுகளை ஒரு சாக்கிலிருந்து கொட்டி, "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றார். யாருக்கு எந்த அளவு என்று பார்க்கவில்லை. போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கவும் இல்லை. இழுத்தால் ஜாக்கெட் தாடைக்கு மேல் ஏறினால் அது தளர்வு, வேறு தர வேண்டும். அரை நிமிட வேலை இது.

எங்கள் தோழிக்குக் கிடைத்தது பெரிய ஆளுக்கான ஜாக்கெட். கீழ்க் கொக்கி உடைந்து, அதற்குப் பதில் சணல் கயிறு கட்டியிருந்தது. அதை அவர் காட்டிக் கேட்டார். "பரவாயில்லக்கா, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது. முதல் பெரிய அலையிலேயே ரப்பர் படகு சாய்ந்து அவர் விழுந்தார். கயிறு அவிழ்ந்து ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிட்டது. விழுந்தவரிடம் வீசி இழுப்பதற்கான கயிற்றுப் பை எங்கள் படகில் இல்லை. விழுந்தவர்களை மீட்கப் பின்னால் வருவதாகச் சொன்ன சிறு படகான பாதுகாப்புக் கயாக்கும் வரவில்லை. பின்னால் வந்த வேறொரு நிறுவனத்தின் படகுதான் அவரைத் தூக்கியது. பாறையில் அடிபட்ட முழங்காலுக்கு கோணிக்கொப்பலில் தையல் போட்டோம். அன்று இரவு முழுக்க அவர் இருமிக்கொண்டே இருந்தார்.

அவரைத் தூக்கிய கைடு கரையில் எங்களை உட்காரவைத்துச் சில விஷயங்கள் சொன்னார். விழுந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும், கால்கள் நீரோட்டம் போகிற பக்கம் நீண்டிருக்க வேண்டும், எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும் என்றார். துடுப்பின் மேல் கைப்பிடியை விடாமல் பொத்திப் பிடிக்காவிட்டால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லை உடைக்கும் என்றார். இதையெல்லாம் படகில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் ஆள் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்குச் சொல்லப்பட்டது "முன்னாடி, பின்னாடி, நிறுத்து" மட்டும்.

முன்பதிவு செய்யும்போது, எங்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னோம். "அதுக்குத்தான் ஜாக்கெட் இருக்கே" என்றீர்கள். வேலூர்க்காரர்களுக்கு ஆறு என்றால் பாலாற்று மணல்தான். 2021 நவம்பரில் அது கரைபுரண்டு ஓடியபோது பாலத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஓடுகிற தண்ணீரில் இறங்கிப் பழகாத ஊரில் அலுவலகம் வைத்து இந்தப் பயணத்தை விற்கிறீர்கள். அந்த ஜாக்கெட்டை நம்பித்தான் நாங்கள் ஏறினோம். அதைத் தவிர நம்புவதற்கு எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை போனில் கேட்டபோது, "படிவத்தில் கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்று முடித்துக்கொண்டீர்கள். ஹுன்சூர் தாண்டி விடியற்காலையில், ஓடுகிற வேனில் நீட்டிய ஆங்கிலப் படிவம் அது. சரி, ஆற்றில் ஆபத்து உண்டு என்பதை நாங்கள் ஏற்றுத்தான் கையெழுத்திட்டோம். உடைந்த கொக்கி ஆற்றின் ஆபத்தில் சேராது, அது உங்கள் கிடங்கிலிருந்து வந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைச் சேவைக் குறைபாடு என்கிறது.

டென்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடை மீது, நனையாத டென்ட் என்று படம் காட்டினீர்கள். கொடுத்தது சரிவான மண் தரையில் போட்ட டென்ட். இரவு பத்து மணிக்கே உள்ளே தண்ணீர் வந்து, எல்லோரும் வேனில் உட்கார்ந்து விடியவைத்தோம். அட்டைக் கடி பற்றி எனக்குப் புகார் இல்லை, மழைக்காலக் குடகில் அது இருக்கத்தான் செய்யும். முகாமில் சமைத்த அம்மாவின் அக்கி ரொட்டியும் (அரிசி மாவு ரொட்டி), காயம்பட்ட தோழிக்கு அவர் வைத்துக் கொடுத்த வெந்நீரும் மட்டுமே அந்தப் பயணத்தில் சரியாக நடந்தவை. அவருக்கு எங்கள் நன்றியைத் தெரிவியுங்கள்.

எங்கள் பணம் 54,400 ரூபாயும், மருத்துவச் செலவு 3,150 ரூபாயும் திரும்ப வேண்டும். அதைவிட முக்கியமாக, பழுதான ஜாக்கெட்டுகள் அத்தனையையும் கழித்துவிட்டோம், கயிற்றுப் பையும் பாதுகாப்புக் கயாக்கும் இல்லாமல் இனி படகு இறங்காது, ஏறும் முன் ஒவ்வொருவரின் ஜாக்கெட்டையும் கைடே சரிபார்ப்பார் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். செப்டம்பர் வரை சீசன் இருக்கிறது. அடுத்த வாரமும் காட்பாடியிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ ஒரு குழு வேன் ஏறும். அவர்கள் கையில் அந்தச் சணல் கயிறு கட்டிய ஜாக்கெட் போகக் கூடாது.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்போம். சம்பவம் கர்நாடகத்தில் நடந்திருந்தாலும், நாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஜாக்கெட்டின் புகைப்படங்கள், பணம் கட்டிய ரசீது, மருத்துவச் சீட்டு, உங்கள் விளம்பரத்தின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.