ராதெகுந்தா கதையின் மறுபாதி எங்கே?

பங்கு இதழ்களில் ‘இன்றைய புனிதர்’ பகுதியை எழுதிவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 13 புனித ராதெகுந்தாவின் திருநாள். அவரைப் பற்றி உங்களில் சிலர் எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. பிராங்கு நாட்டு அரசி, அரண்மனைச் சுகம் பிடிக்கவில்லை, கணவரின் சம்மதத்தோடு துறவியானார், இன்றைய பிரான்சின் புவாத்தியே நகரில் கன்னியர் மடம் கட்டினார், உடலை ஒறுத்துச் செபித்து விண்ணகம் சேர்ந்தார். படிக்கிறவருக்கு, ஏதோ வசதியான வீட்டுப் பெண் ஒருவர் பக்தி மிகுதியால் மடத்துக்குப் போனார் என்றுதான் தோன்றும்.

அந்தக் கணவர் யார் என்று ஒரு வரியாவது எழுத வேண்டாமா? ராதெகுந்தா துரிங்கிய அரச குலத்துக் குழந்தை. இன்றைய ஜெர்மனியின் நடுப்பகுதி அது. தந்தை பெர்த்தாரைக் கொன்றது தந்தையின் உடன்பிறந்தவரே. 531இல் பிராங்கு அரசர்கள் தெயுதெரிக்கும் குளோத்தாரும் படையெடுத்து வந்து துரிங்கியாவை அழித்தார்கள். கொள்ளைப் பொருளோடு பொருளாகக் குழந்தையும் போனாள். யாருக்குச் சேர வேண்டும் என்று வெற்றி பெற்றவர்களுக்குள் சச்சரவு. கடைசியில் குளோத்தாரின் பங்காக விழுந்தாள். ஆத்தி என்ற ஊரில் வைத்துப் படிக்க வைத்தார்கள். மணம் முடிக்க அழைத்தபோது சிலரோடு இரவோடு இரவாகத் தப்பி ஓடினாள், பலிக்கவில்லை. 540 வாக்கில் அரசியானாள். குளோத்தாருக்கு மனைவியர் பலர்; இவள் அவர்களில் ஒருத்தி. பிறகு, அவளோடு சிறைப்பட்டு வந்த தம்பியையும் குளோத்தார் ஆள் வைத்துக் கொன்றான். தூர் நகர ஆயர் கிரகோரி இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதன்பின்தான் ராதெகுந்தா அரண்மனையை விட்டு வெளியேறினார்.

இதைச் சொன்னால் இறையழைத்தலின் மதிப்புக் குறைந்துவிடும் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நுவாயோன் நகரில் ஆயர் மெதாரிடம் போய் நின்றபோது நடந்ததைப் பாருங்கள். அரசன் மனைவிக்குத் துறவாடை கொடுக்கக் கூடாது என்று பிரபுக்கள் ஆயரைப் பீடத்திலிருந்தே இழுக்கிறார்கள். ஆயர் தயங்குகிறார். ராதெகுந்தா உள்ளறைக்குப் போய்த் தாமே துறவாடையை உடுத்திக்கொண்டு பீடத்தின் முன் வந்து, கடவுளைவிட மனிதருக்கு அஞ்சினால் இந்த ஆன்மாவுக்கு நீர் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார். ஆயர் கைகளை வைத்துத் திருத்தொண்டராக அவரை அர்ப்பணிக்கிறார். நம் இதழ்களில் இந்தக் காட்சிக்கு இடமில்லை. பழுக்கக் காய்ச்சிய உலோகச் சிலுவையால் உடலில் சூடு போட்டுக்கொண்டதற்கு மட்டும் எப்போதும் இடம் இருக்கிறது.

இத்தனைக்கும் இரண்டையும் எழுதியவர் ஒருவரே: கவிஞர் வெனான்சியுஸ் பொர்த்துனாத்துஸ். மடத்துக்கு நெருங்கிய நண்பர். அங்கிருந்து வந்த முட்டைக்கும் பழத்துக்கும்கூட நன்றிக்கவிதை எழுதி அனுப்பிய மனிதர். ஆனால் அவர் எழுதிய வரலாற்றில் ஒறுத்தல்தான் மேலோங்கி நிற்கிறது. கணவனே ஆயரிடம் அனுப்பிவைத்தான் என்ற சாயலும் அதில் உண்டு. உங்கள் ‘சம்மதம்’ அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதை எழுதியவர் பௌதோனிவியா, அதே மடத்தின் கன்னியர். ராதெகுந்தா இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், பொர்த்துனாத்துஸ் விட்டுவிட்டதை எழுதுகிறேன் என்று சொல்லியே எழுதினார்.

அதில் வேறொரு ராதெகுந்தா வருகிறார். மனைவியைத் திரும்பப் பெற எண்ணி அரசன் தூர் வரை வந்துவிட்டபோது, பாரிஸ் ஆயர் ஜெர்மானுசுக்கு இரகசியமாகக் கடிதம் அனுப்பி அவனைத் தடுத்துவிடுகிறார். சம்மதித்து அனுப்பியவன் எதற்காகத் தேடி வரவேண்டும்? குளோத்தாருக்குப் பின் அவன் மகன்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டபோது இரு தரப்புக்கும் மடல் எழுதிப் போரை நிறுத்தச் சொல்கிறார். கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசர் இரண்டாம் யுஸ்தினிடம் தூது அனுப்பித் திருச்சிலுவையின் அருளிக்கத்தை, அதாவது அந்தச் சிலுவையின் மரத்துண்டை, பெறுகிறார். ஊர் ஆயர் மரொவெயுஸ் அதை நிறுவ மறுத்துத் தம் பண்ணைக்குப் போய்விட, அரசர் சிகிபெர்ட்டிடம் முறையிட்டு, அப்போதைய தூர் ஆயரை (கிரகோரிக்கு முன்பிருந்தவர்) வரவழைத்துக் காரியத்தை முடிக்கிறார். தவக்காலத்தின் இறுதி நாள்களில் இன்றும் பாடப்படும் ‘வெக்சில்லா ரெஜிஸ்’ என்ற இலத்தீன் பாடல் அந்த வரவேற்புக்காகப் பொர்த்துனாத்துஸ் இயற்றியது.

மடத்தைப் பற்றியும் ஒன்று. அங்கே பின்பற்றியது ஆர்ல் ஆயர் செசாரியுஸ் பெண்களுக்கென வகுத்த ஒழுங்கு. உள்ளே வந்தவர் சாகும்வரை வெளியேறக் கூடாது. ஒவ்வொருவரும் எழுத்துப் படித்தாக வேண்டும். நிறுவியவர் தலைவி ஆகவில்லை. ஆக்னெஸ் என்ற இளம்பெண்ணைத் தலைவியாக்கி, தாம் அவருக்குக் கீழ்ப்படிந்து சமையலும் துப்புரவும் செய்தார். 587இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய இருநூறு கன்னியர் உள்ளே இருந்தார்கள். அடக்கத்துக்கும் மரொவெயுஸ் வரவில்லை, நடத்தியவர் கிரகோரி. இரண்டே ஆண்டில் அரச குலத்துக் கன்னியர் இருவர் தலைமையில் மடத்தில் பெரும் கலகம் மூண்டது. அடியாட்களை வைத்து, ஆக்னெசுக்குப் பின் வந்த தலைவியைத் தூக்கிச் செல்லும் அளவுக்கு. எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று கேட்கவில்லை, இடம் இருக்காது.

கேட்பது இவ்வளவுதான். பத்து வரிதான் கிடைக்கிறது என்றால் முதல் வரியில் 531ஐயும், தம்பியின் கொலையையும் வையுங்கள். சம்மதக் கதையை எடுத்துவிடுங்கள். காய்ச்சிய சிலுவைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை மெதார் முன்னால் அவர் நின்ற நிலைக்கும், ஜெர்மானுசுக்கு எழுதிய கடிதத்துக்கும் கொடுங்கள். அப்படியே பௌதோனிவியாவின் பெயரையும் ஒருமுறை அச்சில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இதழ்களின் வாசகர் ஒருவர்