படத்தில் விடுபட்ட கீழ்ப்பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு வெளியீட்டில் தென்தமிழ்நாட்டு யாத்திரைத் தலங்கள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கு அதில் ஏழெட்டு வரியும் ஒரு படமும் கொடுத்திருந்தீர்கள். சந்தோஷம். திருச்செந்தூர், இராமேஸ்வரம், மதுரை என்று ஓடும் நம்மவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் வருவதே அபூர்வம். ஆனாலும் இரண்டு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்று, "பாண்டியர் கட்டிய கோயில்" என்று எழுதியிருந்தீர்கள். மற்றது, படத்தில் கோயிலின் மேற்பாதி மட்டும்தான் இருந்தது. இடம் போதாமல் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. விட்டது அந்தப் பாதியாகப் போய்விட்டதே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

நான் வீதி வேலையில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லோடும் கணக்கோடும் பழகியவன் என்பதால்தான் இந்தக் கடிதம்.

போன தை மாதம் திருகோணமலையிலிருந்து பதினெட்டுப் பேராக யாத்திரை போனோம். கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம், அங்கிருந்து வான். கோவில்பட்டியில் பெருந்தெருவை விட்டு சங்கரன்கோவில் போகும் வீதியில் திரும்பினால் இருபது கிலோமீற்றர் சொச்சத்தில் கழுகுமலை. ஒழுங்கு செய்தவர்கள் கொடுத்த நேரம் 40 நிமிடம். அதிலும் அடிவாரத்து முருகன் கோயில் மட்டும்தான் திட்டத்தில் இருந்தது. மலைக்கு மேலே ஒன்று இருப்பதாக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முருகன் கோயிலைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கழுகாசலமூர்த்தியின் மூலஸ்தானமே மலையைக் குடைந்ததுதான். ஜடாயுவின் தமையன் சம்பாதி வந்து வழிபட்டதாகத் தலபுராணம். கும்பிட்டோம், திருநீறு பூசினோம், வெளியே வந்தோம். மற்றவர்கள் தேநீர்க் கடைக்குப் போக, நானும் மனைவியும் மலைப் படியைக் கேட்டு நடந்தோம். "ஐயா, சீக்கிரம் வந்துருங்க, திருச்செந்தூர்ல கூட்டம் சேந்துரும்" என்று சாரதித் தம்பி பின்னால் நின்று கத்தினது இன்னும் காதில் இருக்கிறது.

பாறையில் வெட்டிய படிகள். பெரிய ஏற்றமில்லை, ஆனால் பத்து மணி வெயிலுக்கே பாறை சுடத் தொடங்கிவிட்டது. மேலே ஏறி வளைந்தால் திடீரென்று காலடியில் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் ஒரு விமானம். கோயில் விமானத்தை எப்போதும் கழுத்து நோக நிமிர்ந்துதான் பார்த்திருக்கிறேன். இங்கே பாறை விளிம்பில் நின்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகவாவது ஆட்கள் ஏறவேண்டும் என்பேன்.

இனி 'கட்டிய' என்ற சொல்லுக்கு வருகிறேன். நாங்கள் ஒரு கட்டடத்தை அத்திவாரத்திலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோவோம். இங்கே வேலை தலைகீழ். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் என்று சொல்கிறார்கள், மலைப்பாறையைச் சுற்றிவர ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் மிஞ்சிய ஒற்றைக் கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சாரம் தேவையில்லை, நிற்கிற பாறையே சாரம். அத்திவாரம் தேவையில்லை, மலையே அத்திவாரம். ஆனால் ஒரு கை தவறினால் சீமெந்து அப்பி மறைக்க முடியாது. உடைந்த கல்லை எடுத்துவிட்டு வேறு கல் வைக்கவும் முடியாது. உச்சியில் முதல் உளி படும்போதே அடியில் வாசல் எங்கே வரும், தூண் எங்கே நிற்கும் என்று முழுக் கணக்கும் தலைக்குள் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு நின்ற இடத்தில் கியூப் கணக்குத்தான் ஓடியது, ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. பழக்கதோஷம். பத்தடிக்குப் பத்தடி குழி ஒன்றை 25 அடி ஆழத்துக்கு வெட்டினாலே 25 கியூப் கல் வரும். மூன்று கியூப் ஏற்றும் ரிப்பர் லொறி எட்டு ஓட்டம் ஓடினாலும் மிச்சம் கிடக்கும். இங்கே வெட்டியிருப்பது அந்தக் குழியைப்போலப் பல மடங்கு. அதுவும் வெடிமருந்து இல்லாத காலம், கருங்கல்லு.

விமானத்தில் செதுக்கியிருப்பவை பற்றி உங்கள் கட்டுரை "அழகிய சிற்பங்கள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டது. பூதகணங்கள், நந்திகள், சிங்கங்கள், குரங்குகள், உமையோடு ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருக்கிற மாதிரி அமர்ந்த சிவன் என்று ஒவ்வொன்றையும் நின்று பார்க்கவேண்டும். என் மனைவி பாடசாலையில் சங்கீதம் படிப்பித்தவர். தெற்குப் பக்கம் போனவர், "இஞ்சேருங்கோ, இவரை வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். தட்சிணாமூர்த்தி. ஆனால் கல்லாலின் கீழ் சின்முத்திரை பிடித்து மௌனமாக இருக்கிற நம்முடைய வழக்கமான தட்சிணாமூர்த்தி இல்லை. மிருதங்கம் வாசிக்கிறார்! கை தோலில் பட்டு எழும்புகிற கணத்தில் நிறுத்திவிட்ட மாதிரி இருக்கிறது. "மௌனகுரு என்று பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தேன்" என்று சிரித்தார். 40 நிமிடம் அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று.

சரி, உங்கள் படத்தில் வராத கீழ்ப்பாதி. விமானம் முழுசாக முடிந்திருக்கிறது. அதிலிருந்து கண்ணை இறக்கிக்கொண்டு வந்தால் வேலை கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. கீழே போகப்போகச் சுவர் வெறும் பாறையாகிவிடுகிறது. உளி கொத்திய தடங்கள் மட்டும் புள்ளி புள்ளியாகக் கிடக்கின்றன. ஒரு தடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். நகக்கண் அளவு ஆழம். அப்படி எத்தனை இலட்சம் கொத்து! கருவறையில் ஆதியில் வைக்கவிருந்த மூர்த்தி இல்லை, பிற்காலத்தில் வைத்த பிள்ளையார் இருக்கிறார்.

வேலை பாதியில் நின்றதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. தகப்பன் மேலே வெட்டுவான் கோயிலைச் செதுக்க, மகன் கீழே முருகன் கோயிலைச் செய்தானாம். மகன் முந்திக்கொண்டான் என்ற ஆத்திரத்தில் தகப்பன் அவனைக் கொன்றுவிட, இந்த வேலை அப்படியே நின்றுபோனதாம். கதை நல்ல கதைதான். ஆனால் வேலைத்தலத்தில் நின்றவன் எவனும் நம்பமாட்டான். இவ்வளவு கல்லை ஒரு தகப்பன் தனி ஆளாக வெட்டி அகற்றினானாமா? காசு நின்றால் வேலை நிற்கும், மேலிடம் மாறினால் வேலை நிற்கும். என் காலத்தில் அப்படி நின்ற பாலங்களை நானே பார்த்திருக்கிறேன்.

"தென்னகத்து எல்லோரா" என்று பெருமையாகப் போட்டிருந்தீர்கள். எல்லோராவில் 16ஆம் குடைவரையான கைலாசநாதர் கோயிலும் அதே எட்டாம் நூற்றாண்டுதான், இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலம். மேலிருந்து கீழே வெட்டிய அதே முறைதான். அளவில் இதை அதற்குப் பக்கத்தில் வைக்கமுடியாது. ஆனால் அது முடிந்துபோன வேலை. எப்படிச் செய்தார்கள் என்பதை அங்கே ஊகிக்கத்தான் வேண்டும். கழுகுமலையில் அரைவாசியில் விட்டுப் போனதால் மேலே முடிந்த வேலை, நடுவில் தொடங்கிய வேலை, கீழே தொடாத பாறை மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். உளியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் இன்னும் வரவில்லை என்பதுபோலத்தான் இருக்கிறது. படத்தில் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டால் அதுவும் இன்னொரு கோயிலாகத்தானே தெரியும்?

அதே மலையில் இன்னொரு பக்கம் சமணத் தீர்த்தங்கரர்கள் பாறை முகப்பில் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். செய்வித்தவர்கள் பெயர் கீழே வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. அந்தக் கல்வெட்டுகளில் குரத்தியர், அதாவது பெண் ஆசிரியர்கள், பெயரும் வருகிறது என்று அறிந்ததும் மனைவிக்கு அந்தப் பக்கமும் நிற்க ஆசை. ஆனால் கீழே வான் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஓடி ஓடித்தான் பார்த்தோம்.

'கட்டிய', 'வெட்டிய' என்ற ஓரெழுத்து வித்தியாசத்துக்கு இந்தக் கிழவன் இவ்வளவு துள்ளுவானேன் என்று கேட்பீர்கள். நான் திருகோணமலைக்காரன் ஐயா. எங்கள் கோணேசர் கோயில் கட்டிய கோயில். அதனால்தான் 1622இல் போர்த்துக்கேயர் அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. பிரித்த கல்லைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினார்கள். அந்தப் பிரெடெரிக் கோட்டை வாசலில் இன்றைக்கும் பாண்டியரின் இரட்டை மீன் பொறித்த கல் இருக்கிறது. "பின்னே பறங்கி பிரிக்கவே" என்று போகும் கல்வெட்டும் அதே வாசலில்தான். இடித்தான் என்று சொல்லாமல் பிரிக்க என்று எழுதிய அந்தச் சொல்லை, கோட்டைக்குள்ளால் கோயிலுக்குப் போகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடந்துதான் போகிறேன். மிச்சக் கல்லும் தூணும் கடலுக்குள். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடிக் கண்டது அவற்றைத்தான். இப்போது நாங்கள் கும்பிடுவது 1963இல் கும்பாபிஷேகம் கண்ட கோயிலை.

வெட்டுவான் கோயிலை அப்படிப் பிரித்து ஏற்றிக்கொண்டு போக ஒருவனாலும் முடியாது. பிரிக்க அதில் பொருத்தே இல்லை. இரட்டை மீன் கல்லைக் கடந்து போகிறவனுக்கு அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

ஆகவே அடுத்த முறை கழுகுமலை பற்றிப் போட்டால், 'வெட்டிய' என்று போடுங்கள். யாத்திரை போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் மலையடிக்குப் போய்ச் சேரும்படி ஒழுங்கு செய்யச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மணித்தியாலமாவது கேளுங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். அப்புறம், முழுப் படம் ஒன்று போடுங்கள். கைவசம் இல்லையென்றால் மனைவி எடுத்தது என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். ஓரத்தில் என் வழுக்கைத் தலையும் விழுந்திருக்கிறது. அதை மட்டும் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.