குளிரில் என்னோடு ஓடியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களே,

ஓட்டம் முடிந்ததும் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பற்கள் கிட்டித்துக்கொண்டதில் ஒரு வார்த்தைகூட உருப்படியாக வரவில்லை. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

முதலில், பாதையைத் திட்டமிட்ட அக்காவுக்கு. எதிர்காற்றும் ஏற்றமும் முதல் பாதியிலேயே முடிந்துபோகும்படி வைத்தீர்கள். வியர்வையில் நனைந்து திரும்பும்போது காற்று முதுகுப்பக்கம் இருந்ததன் அருமை அப்போதுதான் புரிந்தது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஈரச் சட்டையோடு எதிர்காற்றில் இறங்கியிருந்தால் பாதிப்பேர் விறைத்துப் போயிருப்போம். "கிளம்பும்போது கதகதப்பாக இருந்தால் ஒரு சட்டை அதிகம்" என்று எல்லோரையும் ஒரு அடுக்கைக் கழற்ற வைத்தீர்களே, அப்போது மனதுக்குள் திட்டினேன். முதல் மேடு ஏறி முடிப்பதற்குள் திட்டியதை வாபஸ் வாங்கிவிட்டேன்.

"தண்ணி!" என்று விடாமல் கத்திக்கொண்டே வந்த அண்ணனுக்கு அடுத்த நன்றி. குளிரில் தாகம் தெரியாது; ஆனால் மூச்சிலும் வியர்வையிலும் நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பையிலிருந்து குடித்து முடித்ததும், அதன் உறிஞ்சு குழாயில் இருக்கும் நீரைப் பைக்குள் ஊதித் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தவரும் நீங்கள்தான். பாட்டிலைத் தலைகீழாகச் செருகும் வித்தையும் பிடித்திருந்தது. ஐஸ் மேற்பரப்பில்தான் முதலில் கட்டும், கீழே இருக்கும் மூடிப்பக்கம் அடைக்காமல் இருக்கும். ஓட்டத்தின் நடுவே தெம்புக்குப் பிதுக்கிச் சாப்பிடும் ஜெல்லை உள்சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னதும் நல்லதாயிற்று. வெளிப்பையில் வைத்திருந்தவர்கள் அதைப் பிதுக்கப் பட்ட பாட்டைப் பார்த்தோமே.

இனி, கடைசியில் ஓடி வந்த உங்களுக்கு. நம் கூட்டத்திலேயே வேகமான கால்கள் உங்களுடையவை. முன்னால் போயிருந்தால் உங்களுக்கு நல்ல பயிற்சியாவது கிடைத்திருக்கும். மெதுவாக ஓடினால் உடம்பில் சூடு பிறப்பதும் குறையும். எல்லோரையும்விட அதிகம் குளிர்ந்திருப்பீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேட்டைத் தாண்டியதும் நான் பேச்சைக் குறைத்துவிட்டேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும்தான் பதில். ஜிப்பை இழுக்கப் பார்த்தால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே, கைத்தடுமாற்றமும் பேச்சுத்தடுமாற்றமும் தலைகாட்டும்போதே, கூட இருப்பவர் கவனித்துவிட வேண்டும். மாட்டிக்கொண்டவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. நீங்கள் வாதமே செய்யவில்லை. என் பையைத் திறந்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டிவிட்டீர்கள். உங்களுடைய உபரிக் கையுறையையும் கொடுத்தீர்கள். நான்கு விரல்களும் ஒரே அறையில் ஒண்டிக் கிடக்கும் ரகம் அது. விரல் பிரிந்த கையுறையைவிட அதில் சூடு நிற்கும் என்று படித்திருக்கிறேன். கைக்குத் தெரிந்தது அன்றுதான்.

அப்புறம், நிழல் விழும் சரிவில் ஒரு தம்பி வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்ட கதை. கட்டுப்போட்ட தோழிக்கு நன்றி. அவருக்குத் தோள் கொடுத்து நடந்தவர்களுக்கும் நன்றி. மாற்று வழியில் இறங்கிவிடலாம் என்று முதலில் சொன்னவருக்குத் தனியாக ஒரு நன்றி. பந்தயத்துக்கு முன் உங்களுக்கு இருந்த மிக நீண்ட ஓட்டமே இதுதான் என்று எனக்குத் தெரியும். பாதியில் இறங்குவதைத் தோல்வி என்று பேசுகிறவர்களோடு எனக்கு எப்போதுமே ஒத்துப்போகாது. நீங்கள் முகம் சுளிக்காமல் சொன்னதால்தான் மற்றவர்களும் தயங்காமல் சம்மதித்தார்கள்.

கடைசியாக, ஓடாமலேயே எங்களுக்காகக் காத்திருந்தவருக்கு. ஓடுகிறவனுக்கு ஓட்டமே போர்வை. சாலையோரம் நிற்பவருக்கு அது கிடையாது. நாங்கள் எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணி தாண்டினால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டீர்கள். சிக்னல் கிடைக்காத காட்டுக்குள் நிம்மதியாக ஓட முடிந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம். வந்தவுடன், "முதலில் ஈரத்தை மாற்று, கதையை அப்புறம் சொல்" என்று உலர்ந்த சட்டையை நீட்டினீர்கள். ஓட்டம் நின்ற பிறகுதான் உடம்பு மளமளவென்று குளிரும் என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தம்பி கணுக்கால் வீக்கம் வடிந்து நடக்கிறாராம். கையுறையைத் துவைத்துக் காயவைத்துவிட்டேன், நேரில் தருகிறேன். அடுத்த நீண்ட ஓட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது, காரோடு காத்திருக்கும் வேலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்