முதலில் பத்து முறை ஏறி இறங்கிப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடத் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் படங்களையும் தினமும் ராத்திரி எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சந்தேகமே வந்துவிட்டது. "வாங்கப் போறது அவரா, நீங்களா?" என்று கேட்டாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. என் பழைய கதை அவளுக்கு மறக்கவில்லை. உனக்கும் மறந்திருக்காது என்று நினைக்கிறேன், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நம் விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் லம்போர்கினி கவுன்டாஷ் கார் படம் ஞாபகம் இருக்கிறதா? நீ ஒட்டியது, நான் ஒட்டியது என்று நாம் இன்றும் சண்டை போடலாம். அந்தக் காரில் உட்கார்ந்தால் பின்பக்கம் ஒன்றும் தெரியாது என்பதெல்லாம் அப்போது நமக்குத் தெரியாது. ரிவர்ஸ் எடுக்கக் கதவை மேலே தூக்கிவிட்டு, காரின் ஓரத்தில் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தபடி ஓட்டுவார்களாம். பிறகு இதைப் படித்தபோது, நம் சுவரில் ஒட்டியிருந்த தெய்வம் இவ்வளவு சிரமப்பட்டா நகர்ந்தது என்று சிரித்துவிட்டேன்.

சரி, என் கதை. எட்டு வருஷம் முன்பு நான் வாங்கிய அந்த இரண்டு சீட் வண்டி ஓடோமீட்டரில் 14,000 கிலோமீட்டர்தான் காட்டியது. பெயின்ட் கண்ணாடி மாதிரி. விற்றவர் அதைக் குழந்தை போல வைத்திருந்தேன் என்றார், பொய் சொல்லவும் இல்லை. வருஷக்கணக்காக உறை போட்டு மூடியே வைத்திருந்தார். ஐந்தாவது வாரம் மேட்டில் கிளட்ச் வழுக்கியது. அடுத்த மாதம் கூலன்ட் குழாய் ஒன்று விரிசல் விட்டது. பிறகு பெட்ரோல் வாசனை. வண்டியைத் தூக்கி நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக் ஒரு ரப்பர் குழாயை விரலால் மடக்கிக் காட்டினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. "சார், இந்த வண்டி ஓடலை, தூங்கிட்டு இருந்திருக்கு" என்றார். கார் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் வருஷமே பட்டறைக்குப் போனது. அடுத்த வருஷம் விற்றுவிட்டேன்.

அந்த அனுபவத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த வகைக் கார்களின் விலை இறங்கும், உதிரி பாகங்களின் விலை இறங்காது. புதிதாக வாங்கியவருக்கு ஒரு பிரேக் டிஸ்க் என்ன விலையோ, பதினைந்து வருஷம் கழித்து பாதிக்கும் குறைவான விலையில் வாங்கியவருக்கும் ஏறக்குறைய அதே விலைதான். யானை மலிவாகக் கிடைத்தது என்று ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம், தீனி என்னவோ யானைத் தீனிதான். அதனால் உன்னிடம் பத்துப் பங்கு பணம் இருந்தால் ஏழு பங்குக்குக் கார் பார். மூன்று பங்கைத் தொடாதே. நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் பத்துப் பங்கையும் கொடுத்து அந்தச் சிவப்பு ஃபெராரி 360 மொடெனாவை வாங்கிவிடும் எண்ணத்தில் இருக்கிறாய். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

360 மோசமான கார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முந்தைய 355-இல் டைமிங் பெல்ட்டை, அதாவது இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பட்டையை, மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். அதை நினைத்தால் 360 எவ்வளவோ தேவலை, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடியைக் கழற்றி அங்கிருந்தே மாற்றிவிடலாம். அடுத்து வந்த எஃப்430-இல் பெல்ட்டே கிடையாது, செயின். ஆனால் பெல்ட் வண்டியில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வருஷமும் கணக்கு. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். நீ பார்த்திருக்கும் சிவப்பு வண்டி 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கடைசியாகப் பெல்ட் மாற்றியது எப்போது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டாயா? கேட்டபோது அவர் பேச்சை மாற்றினாரா? எழுது.

இன்னொன்று, அது ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த எஃப்1 கியர்பாக்ஸ் என்று படத்தில் தெரிகிறது. பார்க்க ஆட்டோமேட்டிக் மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது சாதாரண ஒற்றைக் கிளட்ச்தான். உன் காலுக்குப் பதில் ஒரு ஹைட்ராலிக் பம்ப் அதை மிதிக்கிறது, அவ்வளவுதான். டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாலோ, மேட்டில் ரிவர்ஸ் எடுத்தாலோ கிளட்ச் கரைந்துகொண்டே போகும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்துவிடலாம். அந்த எண் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதே.

மெக்லாரன் 12சி பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கார்பன் ஃபைபர் கூடு, இரட்டை டர்போ 3.8 லிட்டர் இன்ஜின், 600 குதிரைத்திறன். அந்த வேகத்துக்கு இந்த விலையா என்று யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதன் சஸ்பென்ஷன் நான்கு சக்கரத்தையும் ஹைட்ராலிக்கால் இணைத்து வைத்த சங்கதி. ஏதாவது ஒரு மூலையில் அழுத்தம் குறைந்தால் பக்கத்துத் தெரு மெக்கானிக் கை வைக்க முடியாது. வாரன்டியோடு கிடைத்தால் மறுபடி பேசலாம். இல்லையென்றால் படத்தை மட்டும் வைத்துக்கொள்.

எனக்குப் பிடித்தது நீ பட்டியலில் கடைசியாக, ஏதோ ஒப்புக்கு எழுதியிருக்கும் ஆடி ஆர்8. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மூக்கைச் சுளித்திருக்கிறாய். எனக்கென்னவோ அந்த எண்ணைப் பார்த்ததும்தான் நிம்மதியாக இருந்தது. ஓடிய வண்டி, யாரோ வெயிலிலும் மழையிலும் எடுத்துப் போயிருக்கிறார்கள். 4.2 லிட்டர் வி8, டைமிங் செயின், 420 குதிரைத்திறன். உன் சிவப்பு 360-இல் 400தான், அதையும் நினைவில் வைத்துக்கொள். அதைவிட முக்கியம், இது மேனுவல் கியர். உலோகத் தட்டில் வெட்டிய பள்ளங்களில் கியர் லீவர் விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும் பார், அந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம். குறை இல்லாமல் இல்லை. மேக்னடிக் சஸ்பென்ஷன் இருந்தால் டேம்பரில், அதாவது ஷாக் அப்சார்பரில், எண்ணெய் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், மாற்றுவது லேசான செலவில்லை. இன்ஜினுக்குள் வால்வில் கரி படியும், அதைச் சுத்தம் செய்த பில் இருக்கிறதா பார். வாசலில் நிறுத்தினால் ஃபெராரிக்குக் கூடுகிற கூட்டம் இதற்குக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். உனக்குக் கூட்டம் வேண்டுமா, ஓட்ட வேண்டுமா?

நீ கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன். பழைய ஹோண்டா என்எஸ்எக்ஸ் கிடைத்தால் பார் என்று ஐந்து வருஷம் முன்பே உன்னிடம் சொன்னேன். 1990-இல் வந்த வண்டி, உடம்பு முழுக்க அலுமினியம், ஃபார்முலா ஒன் பந்தய வீரர் அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்ன வண்டி. அப்போது "ஹோண்டாவா?" என்று சிரித்தாய். இப்போது அதன் விலையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

அப்புறம், பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை. எந்த நேரத்துக்கு வருகிறாய் என்று சொல்லலாம், ஆனால் "இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடு. போனதும் கைகுலுக்கிவிட்டு நேராகப் பின்னால் போய் இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வை. சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் ஏதோ ஒரு சத்தத்தை அவர் மறைக்கிறார் என்று வைத்துக்கொள், டீயைக் குடித்துவிட்டு வேறொரு நாள் வா. பிறகு குனிந்து டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயதான டயரை நம்பாதே. பிரேக் கார்பன் செராமிக் என்றால் கண்ணால் பார்த்துத் தேய்மானம் சொல்ல முடியாது. டிஸ்க்கைக் கழற்றி எடை போட்டுப் பார்ப்பார்கள், குறைந்தபட்ச எடை அதிலேயே பொறித்திருக்கும்.

மற்றதெல்லாம் ஃபைலில் இருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் போதாது, பில் வேண்டும். எண்ணெய்க் கறை படிந்து, மடங்கி, கிறுக்கலான குறிப்போடு இருக்கும் பில்லைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே போ. நடுவில் மூன்று வருஷம் காணாமல் போனால் அந்த மூன்று வருஷம் என்ன நடந்தது என்று கேள். கடைசியில், விற்பவருக்குத் தெரியாத, அந்த வகை வண்டியில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் ஒருவருக்குக் காசு கொடுத்து அரை நாள் பார்க்கச் சொல். அந்தக் கூலிக்கு மட்டும் பேரம் பேசாதே.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் கஷ்டம் என்று எழுதியிருந்தாயே. இந்த வண்டிகளின் சீட் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். மூன்று வண்டிகளிலும் பத்து பத்து முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு எது வலிக்கவில்லை என்று எழுது. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, என் வண்டியை விற்றதற்கு இடுப்புவலியும் பாதிக் காரணம்.

இங்கே எல்லோரும் சுகம். மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கியர் மாற்றும் விதத்தைக் குறை சொல்கிறாள். அடுத்த மாதம் முதல் வாரம் எனக்கு விடுமுறை. ஆர்8 வைத்திருப்பவரிடம் அந்த வாரம் ஒரு காலை நேரம் கேட்டு வை, நானும் வருகிறேன். டார்ச் நான் கொண்டுவருகிறேன், நீ பழைய சட்டை போட்டுக்கொண்டு வா. வண்டிக்கு அடியில் படுக்கப் போவது நீதான், என் இடுப்பு ஒத்துழைக்காது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்