சந்தாப் பேரேடுகள் கடல் கடக்க வேண்டாம்

மும்பை தாராவியில் இயங்கும் நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சங்கத்தின் பழைய பதிவேடுகளை இலவசமாக ஸ்கேன் செய்து தருவதாகவும், பிறகு மூலங்களை வெளிநாட்டிலுள்ள தங்கள் கிடங்கில் பாதுகாப்பதாகவும் ஓர் அமைப்பு முன்வந்திருப்பதையும், அதற்கு வரும் பொதுக்குழுவில் ஒப்புதல் கேட்கவிருப்பதையும் சுற்றறிக்கையில் படித்தேன். ஸ்கேன் செய்வதை மனமார வரவேற்கிறேன். என் பொறுப்புக்காலத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. மூலங்களை அனுப்பும் முடிவை மட்டும் கைவிடக் கோருகிறேன்.

இங்கே இருந்தால் அழிந்துவிடும் என்ற உங்கள் அச்சத்தை நான் அறிவேன். 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான அந்த நாளில் நம் பீரோவின் கீழ்த்தட்டு நனைந்து, பேரேடுகளைத் தாள் தாளாகப் பிரித்து மின்விசிறியின் கீழ் உலர்த்தியவர்களில் நானும் ஒருவன். ஆனால் விபத்துக்கு ஊர் பேதம் கிடையாது. 2012இல் இங்கே மகாராஷ்டிர அரசின் தலைமைச் செயலகமான மந்திராலயத்தில் கோப்புகள் எரிந்தன என்றால், 2014இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரசில் ஆவணங்களைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கிடங்கு எரிந்து, அணைக்கச் சென்றவர்களும் உயிரிழந்தார்கள். இங்கே நனைந்தால் அன்றிரவே ஓடிவர நாம் இருக்கிறோம்; அங்கே நனைந்தால் நமக்குத் தகவலாவது வருமா?

ஸ்கேன் செய்த படம்தான் கையில் இருக்கிறதே என்பீர்கள். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் 6 என்ற எண்ணை 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். கோப்பின் அளவைச் சுருக்கும் மென்பொருள், ஒன்றுபோல் தோன்றிய எழுத்து வடிவங்களை ஒன்றுக்கொன்று மாற்றி வைத்திருந்தது. எண் மங்கலாகத் தெரிந்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். அது பளிச்சென்று, ஆனால் தவறாக இருந்தது. ஒரு கட்டட வரைபடத்தின் மூலத்தோடு ஒப்பிட்டதால்தான் பிழை வெளிப்பட்டது.

இதை நம் சந்தாப் பேரேட்டோடு பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் உறுப்பினர் பெயர், பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சொந்த ஊர், குடியிருந்த சாலின் (வரிசைக் குடியிருப்பின்) கதவு எண், கடைசியில் கையெழுத்து அல்லது ஊதா மை அப்பிய கைநாட்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இலவச மறுகுடியமர்வுக்கு 2000 ஜனவரி 1க்கு முன்பே இங்கு குடியிருந்ததைக் காட்ட வேண்டிய பகுதியில், 6 எது, 8 எது என்பது ஒரு குடும்பத்தின் வீட்டுப் பிரச்சினை. நம் பேரேடு மட்டுமே போதிய சான்றாகிவிடாது. மற்ற ஆவணங்களுக்குத் துணையாக நிற்கக்கூடியது. அந்தத் துணைக்கும், பிரதியில் ஐயம் எழுந்தால் மூலத்தை நேரில் காட்ட முடிய வேண்டும். அப்போது கடல் கடந்த கிடங்குக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டுகளைக் கடந்துவிட்டால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி அது தொல்பொருளாகக் கருதப்படக்கூடும். அத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நம் ஏடுகளில் சில அந்த வயதைத் தாண்டியவை. இது குறித்து வழக்கறிஞரைக் கேட்டீர்களா என்று சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. பழைய தமிழ் நூல்களைத் திரட்டிய கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிய பிறகும் அதைத் தமிழ்நாட்டிலேயே, சென்னையில் வைத்து, 1994இல் ஆராய்ச்சி நூலகமாக்கி, நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணக் காப்புத் திட்டமும் மூலங்கள் அந்தந்த நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்றே விதித்திருக்கிறது. மின்பிரதியை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது: அந்த நூலகமே 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் மின்பிரதிகள் பல மாதங்கள் கிடைக்காமல் போயின.

ஆகவே ஸ்கேன் வேலை நம் சங்கக் கூடத்திலேயே நடக்கட்டும். அவர்களுக்குப் பிரதிகளை எத்தனை வேண்டுமானாலும் கொடுங்கள். வாக்கெடுப்புக்கு முன் ஒப்பந்த வரைவை உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள்: உரிமை யாருக்கு, திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில் வரும், அந்தச் செலவு யாருடையது என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கிடையில் மழைக்காலத்துக்கு முன்பே அந்த இரும்பு பீரோவைத் தரைத்தளத்திலிருந்து மாடிக்கு ஏற்றிவிடலாம். வரும் ஞாயிறு காலை நான் வருகிறேன். இன்னும் மூன்று பேர் கைகொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சங்கத்தின் முன்னாள் பொருளாளர்