பெங்களூரிலிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் அக்காள் வீட்டுக் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று சித்தி கேட்டதற்கு, விடுப்புக் கிடைக்கவில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

கடையில் நாள்தோறும் காண்கிற ஒன்றைப் பற்றி உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. உன் வயதையொத்தவர்கள் பலர் கசங்கிய பழைய சீட்டுடன், பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை கேட்டு வருகிறார்கள். அது மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்து என்பதால், நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அப்படி எழுதும்போதுதான் ஒரே பெயர் அடுத்தடுத்து வருவது கண்ணில் படுகிறது. படபடப்பை விரைவில் அடக்கிவிடுவதால் மனம் அதையே தேடத் தொடங்குகிறது. சில வாரங்களிலேயே பழைய அளவு போதாமல் போகலாம். திடீரென நிறுத்தினாலோ உறக்கம் கெட்டு, பதற்றம் முன்னிலும் கூடி, சிலருக்கு வலிப்புகூட வரும். ஆகவே யாராயினும் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்கிறபடி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

மாதக்கணக்கில் வேலை நெருக்கினால், எந்நேரமும் ஆபத்தில் இருப்பதாகவே உடல் எண்ணிக் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். நெஞ்சுப் படபடப்பும் வயிற்றுக் கோளாறும் விடியுமுன் விழிப்பதும் அதனால் வருபவை. மன உறுதியைப் பற்றி உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அதை நான் உன் பள்ளி நாட்களிலேயே பார்த்தவன். ஆனாலும், மருந்துக் கடைக்காரன் மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொங்கலுக்கு நீ வந்துபோன பின், தலையணை உறையை உதறியபோது விழுந்த அட்டையை அம்மா என்னிடம் காட்டினாள். 10 மாத்திரையில் 7 காலி. வாயுத் தொல்லைக்கானது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தைராய்டு மிகுந்தாலும் இதே படபடப்பு வருமாதலால் முதலில் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே மருத்துவர் பதற்றத்துக்கு எசிடலோபிராம் போன்ற மருந்தை எழுதிக் கொடுத்தால், பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். தொடக்கத்தில் குமட்டலோ பதற்றமோ சற்றுக் கூடினால் அதற்கஞ்சி விட்டுவிடாதே, மருத்துவரிடம் சொல். சிபிடி என்னும் பேச்சு சிகிச்சைக்கும் நேரம் ஒதுக்கு. நள்ளிரவில் தாங்க முடியாமற்போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, எனக்கும் அழைக்கலாம்.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் நான் வரட்டுமா? கொள்முதல் விஷயமாகப் போவதாக அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, கூட்டவும் செய்யாதே.

அன்புடன்,
அப்பா